பாரவுலோகமும் பயிர்வேரும்: தாவர ஓமோன்களின் தொழிற்பாடு பற்றிய ஒரு நோக்கு

யப்பானின் தோயாமா மாநிலத்தினூடாகச் சின்சு என்னும் ஆறு வடக்கு நோக்கிப் பாய்ந்து கடலிற் கலக்கின்றது. அதன் மேற்புறத்தே, அயல் மாநிலமான கிபுவில், கமியோக்கா என்னும் பெருஞ் சுரங்கம் இருந்தது. வெள்ளியும் ஈயமும் நாகமும் அங்கு அகழப்பட்டன. நாகத்தின் தாதுவோடு சிறிதளவு கட்மியமும் சேர்ந்தே கிடைப்பது வழக்கம். அக்காலத்திற் கட்மியத்துக்குப் பெறுமதி இருக்கவில்லை. எனவே அது கழிவோடு ஆற்றில் விடப்பட்டது. ஆற்று நீர் வாய்க்கால் வழியே வயலை அடைந்தது. வயலிலிருந்து நெல்லின் வேரை அடைந்தது. வேரிலிருந்து மணியை அடைந்தது. அச்சோற்றை ஆண்டுக்கணக்கில் உண்ட உழவர் குடும்பங்களிலே, சிறப்பாகப் பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயது கடந்த பெண்களிடையே, எலும்புகள் மென்மையுற்று, இருமினாலும் விலா முறியும் ஒரு கொடிய நோய் தோன்றிற்று. 'நோகுது, நோகுது' என்ற அவர்களின் முனகலே 'இத்தாய் இத்தாய்' என நோயின் பெயராயிற்று.

அவ்வூர் மருத்துவரான அகினோ நொபொருவும் வேளாண்மை அறிஞரான யொசியோக்கா கின்இச்சியும் 1961இல் இந்நோய்க்குக் கட்மியமே காரணம் என்று கூறினர். அரசு அதனை ஏற்றுக்கொண்டது 1968 மே மாதத்திலேயாகும். அதே ஆண்டு நோயாளரும் அவர்தம் குடும்பத்தினரும் மிற்சுயி சுரங்கக் கம்பனிக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 1971 யூன் மாதத்திலும், மேன்முறையீட்டில் 1972 ஓகத்து மாதத்திலும் அவர்களே வென்றனர். தீர்ப்போடு அவர்கள் அமைதியடைந்துவிடவில்லை. சுரங்கத்தினுட் சென்று பார்வையிடும் உரிமையையும் கேட்டுப் பெற்றனர். 1972 முதல் ஆண்டுதோறும் உழவர்கள் விஞ்ஞானிகளைத் துணைக்கொண்டு கழிவு நீரைச் சோதித்து வருகின்றனர். ஏறத்தாழ 860 எக்டேயர் வயலின் மேன்மண்ணை மாற்றும் வேலை 2012இலேயே நிறைவெய்தியது.

இக்கதை பலரும் அறிந்ததே. நீருக்கும் மணிக்கும் இடையில் நின்ற வேர் என்ன செய்தது என்னும் வினாவைத் தொடுப்பதற்காகவே நாம் அதனை மீட்டும் கூறினோம். வேர் நஞ்சை வெறுமனே உறிஞ்சும் குழாயா? அன்றி நஞ்சை உணர்ந்து, தன் வளர்ச்சியை மாற்றி, ஓரளவு தடுத்து, ஓரளவு சிறைப்படுத்தும் உறுப்பா? இரண்டாவதே சரி என்பதைக் கடந்த நாற்பது ஆண்டுக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அந்த உணர்வையும் மாற்றத்தையும் இணைத்து நடத்துவன தாவர ஓமோன்கள். அவற்றின் தொழிற்பாட்டை விளக்குவதும், அவ்வறிவை விவசாயத்திற் கையாளும்போது எழும் ஒரு முக்கியமான குழப்பத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். 'பாரவுலோகம்' என்பது இரசாயனத்திற் செவ்வையாக வரையறுக்கப்பட்ட பதமன்று. அடர்த்தியை வைத்துச் சிலரும், அணுத்திணிவை வைத்துச் சிலரும், நச்சுத்தன்மையை வைத்துச் சிலரும் அதனை ஆள்கின்றனர். அனைத்துலகத் தூய, பிரயோக இரசாயன ஒன்றியத்தின் அறிக்கையொன்று 2002இல் இச்சொல்லுக்குப் பொருளே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சென்றது. எனினும் மண்ணியலாரும் வேளாண்மையாளரும் அதனை விட்டாரில்லை. நாமும் கட்மியம், ஈயம், செம்பு, நாகம், நிக்கல், இரசம் ஆகியவற்றையும், உலோகப்போலியான ஆசனிக்கையும் குறிக்க அதனையே ஆள்கிறோம். இவற்றுட் செம்பும் நாகமும் நிக்கலும் பயிருக்குச் சிறிதளவில் வேண்டியவை, மிகினே நஞ்சு. கட்மியம், ஈயம், இரசம், ஆசனிக் ஆகியனவோ பயிர்களுக்கு எவ்வகையிலும் வேண்டப்படாதன.

வேண்டப்படாத ஒன்று எவ்வாறு உள்ளே நுழைகின்றது? வேரின் கலமென்சவ்விலே இரும்பு, மங்கனீசு, நாகம் முதலியவற்றை உட்கொள்ளும் காவிப்புரதங்கள் உள்ளன. கட்மியம் ஆவர்த்தன அட்டவணையில் நாகத்தின் நேர்கீழே அமைவது. அதன் அயனின் பருமன் கல்சிய அயனினதற்கு அண்மித்தது. ஆகவே காவிகள் ஏமாறுகின்றன. நெல்லில் இவ்வாறு ஏமாறும் முதன்மையான காவி மங்கனீசுக்கு உரியது என்று யப்பானிய ஆய்வாளர் 2012இல் நிறுவினர். உள்ளே சென்ற கட்மியம் புரதங்களிலுள்ள கந்தகக் கூட்டங்களைப் பற்றிக்கொள்கின்றது. நாகம் இருக்கவேண்டிய இடத்தில் தான் அமர்ந்து நொதியங்களைச் செயலிழக்கச் செய்கின்றது. குளூட்டாதயோன் என்னும் காப்புப் பொருளின் இருப்பையும் அது குறைப்பதால், தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வகைகள் கலத்திற் பெருகுகின்றன.

இனி ஓமோன்களுக்கு வருவோம். விலங்குகளிற்போலத் தனிச் சுரப்பியோ நரம்போ தாவரத்துக்கு இல்லை. எனினும் நுனியில் நேர்ந்ததை அடியும், வேரில் நேர்ந்ததை இலையும் அறிகின்றன. ஒட்சின், சைற்றோகைனின், கிபரெலின், அப்சிசிக்கமிலம், எதிலீன் ஆகிய ஐந்தும் எமது உயர்தர மாணவர்கள் நெடுங்காலமாகப் படித்து வருவன. பின்னர் பிரசினொசுத்தெரொயிட்டுகள், யசுமோனிக்கமிலம், சலிசிலிக்கமிலம், சுத்திரைகோலத்தோன்கள் ஆகியனவும் இப்பட்டியலிற் சேர்ந்தன. இவை யாவும் மிகச் சிறிய செறிவிலே தொழிற்படுவன. உழவருக்கு ஓமோன் என்பது அந்நியமான பேச்சுமன்று. 'பசுமைப் புரட்சி'யின் குட்டை நெல்வகைகள் குட்டையாக இருப்பதற்குக் காரணம் அவற்றிற் கிபரெலின் ஆக்கும் நொதியமொன்று பழுதுபட்டிருப்பதே என்பது 2002இல் வெளியாயிற்று. பரம்பரையலகின் பெயரை அறியாமலே ஆசியாவின் உழவர் நாற்பது ஆண்டுகளாக ஓர் ஓமோன் குறைபாட்டைப் பயிரிட்டு வந்துள்ளனர்!

உலோகமும் ஓமோனும் சந்திக்கும் இடங்களுள் மிக நேரடியானது எதிலீனின் வாங்கியாகும். எதிலீன் வாயுவைப் பற்றும் அப்புரதத்தின் நடுவே ஒரு செம்பு அயன் அமர்ந்துள்ளது. அச்செம்பின்றி அது எதிலீனைப் பற்றாது. வெள்ளி அயன் எதிலீனின் தொழிற்பாட்டைத் தடுக்கும் என்பது 1976இலேயே அறியப்பட்டது. கொய்த பூக்கள் வாடாதிருக்க வணிகர் வெள்ளிச் சேர்வைகளைக் கையாள்வது இதனாலேயே. ஆக, ஓமோன் முறைமை உலோகங்களுக்குப் புறம்பாக நின்று அவற்றைக் கண்காணிக்கும் ஒன்றன்று. அது தானே உலோகத்தால் ஆனது, உலோகத்தாற் குழம்பக்கூடியது.

கட்மியம் கலந்த ஊடகத்தில் ஒரு நாற்றை வளர்த்துப் பார்ப்போர் முதலிற் காண்பது வேரின் உருமாற்றத்தையே. முதல்வேர் நீள்வது குன்றுகின்றது, நுனி தடிக்கின்றது, பல சமயங்களில் நுனிக்குச் சற்று மேலே பக்கவேர்கள் நெருக்கமாகத் தோன்றுகின்றன. இதனை முன்னர் வெறும் நச்சுச் சேதமென்றே கருதினர். ஆயினும் கட்மியம், செம்பு, கடும் ஒளி, போசணைக் குறைவு எனப் பலவகைத் தாக்கங்களிலும் ஏறத்தாழ ஒரேவகை உருமாற்றம் தோன்றுவதைக் கவனித்த ஆய்வாளர், இது ஒழுங்கமைந்த ஒரு துலங்கல் என்று வாதிட்டனர். அதன் மையத்தில் நிற்பது ஒட்சின்.

ஒட்சின் பெரும்பாலும் தண்டு நுனியிலும் இளம் இலைகளிலும் ஆக்கப்பட்டுக் கலத்துக்குக் கலம் கீழே கடத்தப்படுகின்றது. வேர்நுனியிலும் ஓரளவு ஆக்கப்படுகின்றது. ஒவ்வொரு கலத்திலும் ஒரு பக்கத்தில் மட்டும் அமைந்த கடத்திப் புரதங்கள் அதனை வெளியே தள்ளுவதால், ஒட்சினுக்குத் திசை கிடைக்கின்றது. சாதாரண வேரில் நுனியின் நடுவே அதன் செறிவு உச்சமாயிருக்கும்; அங்குள்ள பிரியிழையம் அதனாலேயே தொடர்ந்து பிரிகின்றது. செம்பு மிகும்போது இக்கடத்திப் புரதங்களுள் ஒன்றின் பரம்பல் மாறி, ஒட்சின் பங்கீடு குலைந்து, முதல்வேரின் நீட்சி தடைப்படுகின்றது என்று அரபிடோப்சிசுச் செடியில் 2013இற் காட்டப்பட்டது. கட்மியத்திலும் இதையொத்த குலைவு பல பயிர்களிற் பதிவாகியுள்ளது. நுனியிற் குறைந்த ஒட்சின் வேறோரிடத்தில் தேங்கும்போது அங்கே பக்கவேர் முளைக்கின்றது. இதன் பயன் யாது? மண்ணில் உலோகம் ஒரே சீராகப் பரந்திருப்பதில்லை. ஆழ்ந்து சென்ற வேர் நஞ்சுத் திட்டொன்றைத் தொடும்போது, அவ்வழியிற் செல்வதை நிறுத்திப் பக்கவாட்டில் வேறு வழி தேடுவது பயிருக்கு இலாபமே. இது தற்காப்பா, தற்செயலா என்பதில் எமக்கு முழு உறுதி இல்லை. ஆயின், நாகத்தை மிகுதியாகச் சேர்க்கும் நொக்கேயா என்னும் ஐரோப்பியக் களையின் வேர்கள் உலோகம் செறிந்த மண்ணை நோக்கியே பெருகுகின்றன என்பது 2000இற் பிரித்தானியாவில் நிறுவப்பட்டதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். உலோகத்தை விலகவும் நாடவும் வேருக்கு வழியுண்டு என்பதையேனும் அது காட்டுகின்றது.

எதிலீனின் கதை இன்னும் சிக்கலானது. கட்மியம் பட்ட சில மணி நேரத்துள் எதிலீனின் முன்னோடிப் பொருளை ஆக்கும் நொதியத்தின் பரம்பரையலகுகள் விழிப்படைகின்றன. தொடக்கத்தில் எழும் எதிலீன் ஒட்சியேற்றத்துக்கு எதிரான காப்பைத் தூண்டுகின்றது. அதுவே மிகுந்து நீடிக்குமாயின் வேரின் நீட்சி நின்றுவிடும். இலைகள் முதிருமுன்னரே மஞ்சளாகும். வேரைச் சூழ வாழும் சில பற்றீரியங்கள் இங்குக் குறுக்கிடுகின்றன. எதிலீனின் முன்னோடிப் பொருளை அவை தமக்கு நைதரசன் உணவாக உடைத்துக்கொள்வதால், வேரில் எதிலீன் மட்டுப்படுகின்றது. நிக்கல் செறிந்த மண்ணில் இத்தகைய பற்றீரியமொன்று நாற்றுக்களைக் காத்ததைக் கனடாவில் கிளிக்கும் அவர்தம் சகாக்களும் 1998இற் காட்டினர். கவனிக்கத்தக்கது என்னவெனில், செடிக்குள் இருந்த நிக்கலின் அளவு அதனாற் குறையவில்லை. செடி அதனைப் பொறுத்துக்கொண்டது, அவ்வளவே. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

ஓமோன் துலங்கல் எப்போதும் பயிருக்கு நன்மையே செய்யும் என்று கொள்ளவும் கூடாது. இருவித்திலைத் தாவரங்களிற் கட்மியம் இரும்பின் உள்ளெடுப்பைக் கெடுக்கின்றது. செடி இரும்புப் பசி கொள்கின்றது. இரும்புப் பசியை வேரில் அறிவிப்போரில் ஒட்சினும் எதிலீனும் நைத்திரிக்கொட்சைட்டும் அடங்கும். அவற்றின் கட்டளைப்படி இரும்புக் காவிகள் மேலும் ஆக்கப்படுகின்றன. அக்காவிகளோ இரும்பையும் கட்மியத்தையும் வேறுபிரித்தறியா. விளைவு, பசி தீர்க்கத் திறந்த வாயிலால் நஞ்சே மேலும் நுழைகின்றது. புகையிலை பற்றி நினைக்கும்போது இது எமக்கு அயலான செய்தியன்று. புகையிலை மண்ணிலுள்ள கட்மியத்தை இலையிற் சேர்க்கும் இயல்பு மிக்க பயிர். புகைப்போரின் உடலிலுள்ள கட்மியம் ஏனையோரினதிலும் ஏறத்தாழ இருமடங்காயிருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வாயிலை மூடுவது அப்சிசிக்கமிலம். வரட்சியில் இலைவாய்களை மூடும் ஓமோனென்றே இதனை நாம் முதலிற் கற்றோம். உலோகத் தாக்கத்திலும் இதன் பணி வாயில் காப்பதே. அது இரும்புக் காவியின் பரம்பரையலகை அடக்கிக் கட்மியத்தின் நுழைவைக் குறைப்பது அரபிடோப்சிசில் 2014இல் அறியப்பட்டது. அதற்கும் முன்னரே, 2003இல், தாய்வானில் இரு நெல்வகைகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு எமக்கு மிகவும் பயனுடையதாகத் தோன்றுகின்றது. கட்மியத்தைத் தாங்கும் தாய்நுங் 67 என்ற வகையில், கட்மியம் பட்டதும் அப்சிசிக்கமிலம் விரைந்து உயர்ந்தது. தாங்காத தாய்ச்சுங் நேற்றிவ் 1 என்ற வகையில் அவ்வாறு உயரவில்லை. தாங்காத வகைக்கு அவ்வமிலத்தை வெளியிலிருந்து ஊட்டியபோது ஆவியுயிர்ப்புக் குறைந்தது, கட்மியம் மேலேறுவதும் குறைந்தது, நாற்றும் தப்பியது. இந்தத் தாய்ச்சுங் நேற்றிவ் 1 தான் 1960களில் இந்தியாவிற் பசுமைப் புரட்சியின் முதற் குட்டை வகையாக இறக்கப்பட்டது என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். விளைச்சலுக்காகத் தெரிந்தெடுத்தோர் வேரின் இத்தகைய குணங்களைப் பார்த்திருக்க நியாயமில்லை.

அப்சிசிக்கமிலத்தின் மற்றொரு பணி மதில் கட்டுவது. வேரின் உட்புறத்தே, கடத்துமிழையத்தைச் சூழ்ந்து அகத்தோல் என்னும் கலவரிசை உள்ளது. அதன் ஆரைச் சுவர்களிற் கசுப்பாரியின் கீலம் அமைந்து, கலங்களுக்கு இடையே நீர் ஒழுகிச் செல்வதைத் தடுக்கின்றது. வேர் முதிரும்போது தக்கையிலுள்ள சுபரின் என்ற கொழுப்புப் பொருள் அகத்தோற் கலங்களின் முழுச் சுவரிலும் பூசப்படுகின்றது. அதன் பின்னர் அக்கலங்கள் கரைசலிலிருந்து நேரே எதனையும் உட்கொள்வது அரிது. இப்பூச்சு வேர் முதிர்வதால் மட்டும் நிகழும் ஒன்றன்று என்பதைச் சுவிற்சலாந்தின் இலோசான் பல்கலைக்கழகத்தார் 2016இற் காட்டினர். அப்சிசிக்கமிலம் சுபரினைக் கூட்டுகின்றது. எதிலீன் அதனைக் குறைக்கின்றது. பொற்றாசியமோ கந்தகமோ குறைந்தால் முன்னதும், இரும்போ நாகமோ மங்கனீசோ குறைந்தால் பின்னதும் மேலோங்குகின்றன. ஒரே மதிலைக் கட்டவும் இடிக்கவும் இரண்டு ஓமோன்கள்! அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், சோள வேரின் ஒரு பக்கம் மட்டும் கட்மியம் படுமாறு வைக்கப்பட்டது. நஞ்சு பட்ட பக்கத்தில் மட்டும் சுபரின் நுனிக்கு மிக அண்மையிலேயே தோன்றியது. மறுபக்கம் வழமைபோல் இருந்தது. ஒரு மில்லிமீற்றர் தடிப்பளவேயான ஓர் உறுப்பு, தன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் வேறுவேறாக நடத்துகின்றதென்பது எம்மை வியக்க வைக்கின்றது.

மதிலைத் தாண்டியும் தாண்டாமலும் கலத்தினுட் புகுந்த உலோகத்துக்குச் சிறையே வழி. 1985இல் செருமனியைச் சேர்ந்த கிறில், வின்னாக்கர், சென்க் ஆகியோர் தாவரக் கலங்களில் உலோகத்தைப் பிணிக்கும் சிறு பெப்தைட்டுகளைக் கண்டறிந்து, அவற்றுக்குப் 'பைற்றோகீலற்றின்' எனப் பெயரிட்டனர். குளூட்டாதயோன் மூலக்கூறுகளைக் கோத்து இவற்றை ஆக்கும் நொதியம் கலத்தில் எப்போதும் ஆயத்தமாக உள்ளது. உலோகம் வந்ததும் வேலை தொடங்குகின்றது. உலோகம் முழுவதும் பிணிக்கப்பட்டதும் ஓய்ந்துவிடுகின்றது. இந்நொதியத்தை எழுப்ப ஓமோன் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் மூலப்பொருளான குளூட்டாதயோன் தட்டுப்படாமல் வந்துகொண்டிருக்க வேண்டுமே! அங்குதான் யசுமோனிக்கமிலம் தேவைப்படுகின்றது. குளூட்டாதயோனை ஆக்கும் பரம்பரையலகுகளைக் கட்மியமும் செம்பும் தூண்டுவதுபோலவே யசுமோனிக்கமிலமும் தூண்டுகின்றதென்பது 1998இல் வெளியாயிற்று. பிணிக்கப்பட்ட உலோகம் புன்வெற்றிடத்துள் தள்ளப்பட்டு அங்கே அடைபடுகின்றது. நெல்வேரில் இவ்வடைப்பைச் செய்யும் முக்கிய புரதம் சில இந்திக்கா வகைகளிற் பழுதுபட்டிருப்பதாகவும், அவ்வகைகளின் மணியிற் கட்மியம் மிகுவதற்கு அதுவே காரணமென்றும் 2010இல் அறியப்பட்டது.

ஏனையவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். சலிசிலிக்கமிலத்தில் ஊறவைத்த வாற்கோதுமை விதையிலிருந்து எழுந்த நாற்றுக்கள் கட்மியத்தின் சேதத்தை ஓரளவு தாங்கின. பிரசினொசுத்தெரொயிட்டுகளும் ஒட்சியேற்றச் சேதத்தைத் தணிப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. சுத்திரைகோலத்தோன்களின் பங்கு நேரடியானதன்று. வேர் அவற்றை மண்ணிற் கசியவிட்டு வேர்ப்பூசணங்களை அழைக்கின்றது, அப்பூசணங்களின் இழைகள் உலோகத்தின் ஒரு பகுதியைத் தம்மிடம் நிறுத்திக்கொள்கின்றன.

சைற்றோகைனின் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். 2016இல் வெளியான ஓர் ஆய்விலே, சைற்றோகைனின் குறைந்த அரபிடோப்சிசுச் செடிகள் ஆசனிக்கை நன்கு தாங்கின. அவற்றிற் குளூட்டாதயோனும் பைற்றோகீலற்றினும் மிகுந்திருந்தன. அத்துடன் அவை வழமையான செடிகளைவிட மிகுதியான ஆசனிக்கைத் தம்முட் சேர்த்தும் கொண்டன. தாங்குதலும் சேர்த்தலும் ஒருங்கே கூடின என்பதே இதன் பொருள்.

நாம் முன்னர் நினைவில் இருத்துமாறு வேண்டிய வேறுபாடு இதுவே. ஓமோன் காப்பது பயிரை. பயிர் பிழைப்பதும் உண்பவர் பிழைப்பதும் ஒன்றல்ல. நெல், தனக்கு யாதொரு வெளிப்படையான குறையும் இன்றி, மனிதருக்கு ஆகாத அளவு கட்மியத்தை மணியில் ஏற்றவல்லது. அரிசியிற் கட்மியத்துக்கான சருவதேச உணவு நியம எல்லை ஒரு கிலோகிராமுக்கு 0.4 மில்லிகிராம், சீனாவின் எல்லை 0.2. இவ்வெல்லையைக் கடந்த வயலும் கண்ணுக்குப் பச்சையாகவே தோன்றலாம். வாடிய பயிர் உழவரை எச்சரிக்கும். வாடாத பயிர் எச்சரிக்காது. எனவே 'ஓமோன் தெளித்தால் உலோகத் தாக்கம் தணியும்' என்று ஓர் ஆய்வேடு கூறும்போது, தணிந்தது எது என்று கேட்க வேண்டும். வேரின் நீளமா, இலையின் பச்சையமா, அன்றி மணியின் கட்மியமா? முதலிரண்டை மட்டும் அளந்த ஆய்வுகள் மிகப் பல. அவற்றின் முடிவைக் கொண்டு மாசுபட்ட வயலிற் பயிரிடலாம் எனப் பரிந்துரைப்பது, நோயை உழவரின் வயலிலிருந்து நகரத்தாரின் கலத்துக்கு இடம் மாற்றுவதாகவே முடியலாம். உழவரும் அதே சோற்றையே உண்கின்றார் என்பதைச் சின்சுக் கரையிற் கண்டோம்.

இன்னொரு குறையும் உண்டு. ஆய்வுகூடங்களில் நாற்றுக்கள் பெரும்பாலும் நீர்க்கரைசலில் வளர்க்கப்பட்டு, 50 முதல் 100 மைக்குரோமோலர் கட்மியத்துக்கு உள்ளாக்கப்படுகின்றன. 100 மைக்குரோமோலர் என்பது இலீற்றருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம். மாசுபட்ட மண்ணிலும் மண்ணீரிலுள்ள கட்மியம் பொதுவாக இதனிலும் மிகக் குறைவு. அதிர்ச்சியடைந்த வேர் சில நாளில் காட்டும் துலங்கலையும், ஒரு போகம் முழுவதும் சிறுகச் சிறுக நஞ்சுண்ணும் வேரின் துலங்கலையும் ஒன்றெனக் கொள்ள முடியாது. ஆராய்ச்சியாளர் இதனை அறியாதவரல்லர். இரண்டு வாரத்தில் விளைவு தெரியும் பரிசோதனை விரைவில் ஆய்வேடாகும். மூன்றரை மாதம் வயலிற் காத்திருக்கும் பரிசோதனை ஆகாது. பல்கலைக்கழகங்களின் பதவியுயர்வு முறையும் இதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைப்பானேன்?

இலங்கையைப் பொறுத்தவரை இப்பொருள் உணர்ச்சி மிக்க விவாதங்களோடு பின்னிக் கிடக்கின்றது. 1990களில் வடமத்திய மாகாணத்திற் கவனத்துக்கு வந்த காரணமறியாச் சிறுநீரக நோய்க்குக் கட்மியமே மூலம் என்ற கருத்து 2008இல் முன்வைக்கப்பட்டது. பின்னர் புளோரைட்டு, நீரின் வன்மை, பூச்சிகொல்லிகள், களைகொல்லி, வெப்பமும் நீரிழப்பும் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. தனியொரு காரணம் இன்றளவும் நிறுவப்படவில்லை. இத்தாய் நோயையும் இதனையும் ஒன்றெனக் காட்டும் மேடைப் பேச்சுக்களை நாம் ஏற்பதற்கில்லை. அங்கு எலும்பு உருகியது, இங்கு அவ்வாறன்று. ஆயினும் பொசுபேற்றுப் பசளையோடு கட்மியம் வயலுக்கு வருகின்றது என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது. அடையற் பாறையிலிருந்து பெறும் பொசுபேற்றிற் கட்மியம் மிகுதி. தீப்பாறையிலிருந்து பெறுவதிற் குறைவு. 1971இற் கண்டறியப்பட்ட எமது எப்பாவலை அப்பதைற்று இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் நீரிற் கரைவது அரிதாகையால் குறுகிய காலப் பயிரான நெல்லுக்கு அப்படியே இட உதவாது. அதனை அகழ்வதற்கு அந்நியக் கம்பனியொன்றோடு செய்யவிருந்த உடன்படிக்கை, அவ்வூர் உழவர்களின் வழக்கினால் 2000இல் உயர்நீதிமன்றத்தில் தடுக்கப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டுச் சில மாதங்களில் அத்தடை தளர்த்தப்பட்டபோது, சேதனப் பசளை எல்லாம் தூயது என்ற எண்ணம் பரவியிருந்தது. நகரக் குப்பையிலிருந்து ஆக்கும் கூட்டெருவிலும் ஈயமும் கட்மியமும் இருக்கக்கூடும். பசளையின் பெயரன்று, அதன் பகுப்பாய்வே முடிவு சொல்ல வேண்டும்.

மண்ணின் இயல்பும் இங்குப் பெரிதும் தொழிற்படுகின்றது. சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த, காரத்தன்மை சார்ந்த மண்ணிற் கட்மியம் எளிதில் அசையாது. அமில மண்ணில் எளிதில் அசையும். நெல்வயலில் நீர் தேங்கி நிற்கும்போது கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைட்டாகின்றது; நீரை வடித்ததும் மீண்டும் கரைகின்றது. யப்பானிற் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரங்கள் வயலில் நீரை நிறுத்தி வைக்குமாறு உழவருக்கு அறிவுறுத்துவது இதனாலேயே. இம்முறையில் ஓமோன் எதுவும் வாங்கவேண்டியதில்லை. ஆனால் நீர் தேங்கினால் ஆசனிக் கரைந்து மணிக்கு ஏறும். ஒன்றைத் தடுத்தால் மற்றையது வருகின்றது. மங்கனீசுக் காவி பழுதுபட்ட, கட்மியத்தை ஏறத்தாழ ஏற்காத நெல்வகையொன்றை யப்பானியர் அயன்கற்றையாற் பெற்று 2012இல் அறிவித்ததன் பெறுமதி இங்கே விளங்கும். அவ்வகையை நீர் வடித்தும் பயிரிடலாம். அதற்கும் ஒரு விலையுண்டு. மங்கனீசு குறைந்த மண்ணில் அது கபிலப் புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகின்றது.

இந்நிலையில் ஓமோன் ஆராய்ச்சியின் இடம் தெளிப்பான் புட்டியில் இல்லை. வகைத் தெரிவில் உள்ளது என்பது எமது கருத்து. கட்மியம் பட்டதும் எந்த நெல்லின் வேரில் அப்சிசிக்கமிலம் விரைந்து எழுகின்றது, எதன் அகத்தோல் முந்திச் சுபரின் பூசுகின்றது, எது உலோகத்தை வேரின் புன்வெற்றிடத்திலேயே அடைக்கின்றது என்பன நாற்றுப் பருவத்திலேயே அறியக்கூடியவை. பத்தலகொடையில் உருவான வகைகளையும், அவற்றுக்கு முற்பட்ட பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற மரபு வகைகளையும் அருகருகே வைத்து, நீர் நிறுத்திய பாத்தியிலும் நீர் வடித்த பாத்தியிலும், வயலில் உண்மையிற் காணப்படும் செறிவிலே ஒரு போகம் முழுவதும் வளர்த்துப் பார்ப்பது எமது விவசாய பீடங்களின் வசதிக்கு அப்பாற்பட்டதன்று. வேரின் நீளத்தோடு நிறுத்தாமல் வேர், தண்டு, உமி, தீட்டிய அரிசி என ஒவ்வொன்றிலும் கட்மியத்தையும் ஆசனிக்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். வைக்கோலையும் விட்டுவிடலாகாது; அதனை மாடு தின்கின்றது, எஞ்சியது மீண்டும் அதே வயலில் எருவாகின்றது.